பாம்பூஃப்ளாட்டுக்கு ஓர் இசைத்தட்டு

அந்தமானுக்குப் போகவேண்டியிருக்கிறது என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “என்ன குத்தம் செஞ்சீய?” என்பதுதான். அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் அந்தமான் என்றால் ஜெயில், போனவர் திரும்பாத இடம். நான் திருநெல்வேலி சந்திப்பில் ஒரு ரேடியோ, கிராமபோன் கடையில் மெக்கானிக். போர்ட் பிளேரில் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரி ஒருவர், அங்குள்ள கோயில் ஒன்றின் கொடைத் திருவிழாவுக்காக எங்கள் முதலாளியிடம் மைக் செட் வாங்கியிருந்தார். அதைக் கொண்டுபோய்ப் பூட்டிக் காட்டிவிட்டு வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினேன். பங்க் கிளாஸ் டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய், சாப்பாடு தனி. கடல்வழி எழுநூற்று நாற்பது மைல் என்றார்கள். கப்பலின் அடிவயிற்றில் மூன்றடுக்காக இரும்புக் கட்டில்கள். எஞ்சின் சத்தமும் மண்ணெண்ணெய் வாடையும். எனக்கு நீந்தத் தெரியாது. தாமிரபரணியில்கூட இடுப்பளவுக்கு மேல் போனதில்லை.

மைக் செட்டைத் தவிர என் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு இருந்தது. அதைப்பற்றிச் சொல்லவேண்டும்.

சங்கையா–வடிவு ஜோடி (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) என்று யாரும் இன்று கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, இரண்டே தட்டுகள், நான்கே பாட்டுகள் பாடினார்கள். நடவுப் பாட்டு, கும்மி, இரண்டு தெம்மாங்கு. ஆர்மோனியம் கிடையாது. ஓர் உறுமி மேளமும் இரண்டு குரல்களும் மட்டும். அந்தப் பெண் குரல் ஊசி முள்ளின் கரகரப்பைத் தாண்டி வந்து நெஞ்சில் உட்காரும். தட்டுகள் கடைக்கு வந்த புதிதில் நன்றாக விற்றன. ஒரு வருடம் கழித்துத் திடீரென்று எங்குமே கிடைக்கவில்லை. யாரோ ஓர் ஆள் கடை கடையாக ஏறி, இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போனாராம். எங்கள் கடையிலும் நான் இல்லாத நேரத்தில் வந்து வாங்கியிருக்கிறார். எனக்கென்று எடுத்துவைத்திருந்த ஒரு தட்டு மட்டும் தப்பியது.

நான் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு கடைக்கு ஒரு கார்டு வந்தது. ‘சங்கையா–வடிவு பாடிய பிளேட் ஏதாவது இருந்தால் வி.பி.பி.யில் அனுப்பவும். ராமையா, ஜெட்டி அருகில், பாம்பூஃப்ளாட், அந்தமான்.’ என்னைப்போல இன்னொரு கிறுக்கன் கடலுக்கு அப்பால் இருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தட்டைப் பாம்பூஃப்ளாட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்துகொண்டேன்.

புதன்கிழமை காலையிலேயே கடல் புரட்டத் தொடங்கிவிட்டது. ஆனி மாதம், காற்றுக்காலம். வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். எதிர்க் கட்டிலில் இருந்தவர்தான் என்னைப் பிழைக்கவைத்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் வேலாயுதம் என்றும், மர வியாபாரம் பேசப் போவதாகவும் சொன்னார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. மிச்ச நான்கு விரலால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, என் தலையைத் தூக்கிக் குடிக்கவைத்தார்.

“கண்ணை மூடாதீங்க தம்பி. மூடுனா இன்னும் சுத்தும். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.”

பேசினேன். வியாழக்கிழமை முழுக்கப் பேசினேன். கடை, முதலாளி, சம்பளம் எல்லாம் தீர்ந்து இசைத்தட்டுக்கு வந்தேன். ஜோடியின் பெயரைச் சொன்னேன்.

“அந்தப் பிளேட்டு இப்ப உங்ககிட்ட இருக்கா?” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். உறையிலிருந்து உருவி, நடுவிலிருந்த சிவப்புத் தாளில் எழுதியிருந்த இரண்டு பெயர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். “இது இன்னும் ஒண்ணு இருக்கா” என்று தனக்குத்தானே சொன்னார். அப்புறம், “யாருக்குக் கொண்டு போறீய?” என்றார். கார்டையும் காட்டினேன். அதை இரண்டு தடவை படித்தார். எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மேல்தட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மழைக்குள்ளிருந்து தீவு எழுந்து வந்தது. கடலின் விளிம்புவரை காடு. எட்டே முக்காலுக்குச் சாத்தம் ஜெட்டி என்ற துறைமேடையில் கப்பலைக் கட்டினார்கள். அறுத்த மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்திலேயே மரம் அறுக்கும் மில். திரும்பிப் பார்த்தால் வேலாயுதம் அண்ணாச்சியைக் காணோம். சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அபர்தீன் பஜாரில் வியாபாரியின் கடை மாடியில் எனக்கு இடம். “கொடை வெள்ளிக்கிழமைதான். நாளைக்கு சண்டே, ரெஸ்ட் எடுங்க. மண்டே காம் பார்ப்போம்” என்றார் அவர். இருபது வருடம் தீவிலிருந்தவர்; தூத்துக்குடித் தமிழில் பாதி இந்தி கலந்து, வேலையைக் ‘காம்’ என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சாத்தம் ஜெட்டியிலிருந்து மோட்டார் போட். கட்டணம் பத்துப் பைசா, கால் மணி நேரப் பயணம். சாக்குமூட்டைகளும் கோழிக்கூடைகளும் வங்காளி, தெலுங்கு, மலையாளக் குரல்களும். அக்கரையில் இறங்கி டீக்கடையில் கேட்டதும், “மில் ராமையாவா? உதர். பாக்குமரம் நிக்குதே, அந்த மரவீடு” என்று காட்டினார்கள்.

மரக்கால்கள்மேல் நின்ற பலகை வீடு, தகரக்கூரை. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, “யாரு?” என்று ஒரு குரல் கேட்டது.

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தக் குரலை ஆயிரம் தடவை கேட்டவன் நான். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரைத்திருந்தது.

“நீங்க வடிவு அக்காதானே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கதவைப் படாரென்று சாத்தினாள். “இங்க அப்படி யாரும் இல்ல. போயிருங்க. போயிருங்க!”

வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். கையில் புல் செதுக்கும் நீளமான வெட்டுக்கத்தி. அதன் நுனி என் நெஞ்சுக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் நின்றது.

“எவன் அனுப்புனான் உன்னை? போல்! சொல்லு, எவன் அனுப்புனான்?”

பெட்டியைக் கீழே வைத்து, கடைக்கு வந்த கார்டையே எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் கை தாழ்ந்தது. கதவு ஒரு கீற்றளவு திறந்தது.

“இதை நீங்களா எழுதுனீங்க?” என்று அவள் கேட்டது என்னையல்ல, அவரை.

ராமையாதான் சங்கையா. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தணிந்த குரலில் சொன்னார். இருவரும் வேறு வேறு ஜாதி. அவள் வீடு நிலபுலன் உள்ள வீடு. அவர் உறுமி அடிக்கிற வீடு. கிராமத்துப் பாட்டுகளைத் தேடிவந்த ரிக்கார்டு கம்பெனி ஏஜெண்டு, கோயில் கொடையில் இரண்டு பேரையும் கேட்டிருக்கிறார். வடிவின் அண்ணன்தான் பெருமைப்பட்டுச் சம்மதித்தார். அவரே துணைக்கு வந்து சென்னையில் பாடவைத்தார். இரண்டாவது தடவை பாடப் போனபோது, சத்திரத்தில் அண்ணன் குளிக்கப்போன நேரத்தில் இருவரும் துறைமுகத்துக்கு ஓடிவிட்டார்கள். அண்ணன் தனியாக ஊர் திரும்பினார். ஊர் டீக்கடைக் கிராமபோனில் அந்த இரண்டு குரலும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தன.

“தட்டையெல்லாம் வாங்கி வாங்கி உடைச்சாராம். கிடைச்சா எங்களையும் அப்படித்தான்னு ஊர்ல சொல்லிவச்சிருக்காராம்” என்றார் சங்கையா. “பதினோரு வருஷமா நாங்க பாடல தம்பி. தாலாட்டுகூட இல்ல. மெயின்லேண்ட்ல இருந்து யாராவது வந்து குரலைக் கண்டுக்கிட்டா? மவளுக்குப் பத்து வயசாச்சு. அப்பனும் அம்மாவும் பாடுவாங்கன்னே அவளுக்குத் தெரியாது. பிளேட்லயாவது ஒரு தடவை கேக்கட்டுமேன்னு இவகிட்டக்கூட சொல்லாம எழுதிட்டேன்.”

வடிவு அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாரதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

சொன்னேன் என்றேன். கப்பலில் ஒருவர். நல்ல மனிதர். எனக்கு எலுமிச்சம்பழம் தந்தார்.

“இடது கையில சுண்டுவிரல் இருந்துச்சா?”

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடை கடையாக ஏறித் தட்டு வாங்கியவர் யாரென்றும், அவர் கையில் நானே முகவரியைப் பிரித்துக் காட்டினேன் என்றும் தெரிந்தபோது, அந்தப் பலகைத் தரை பிளந்து கீழே விழுந்துவிடக் கூடாதா என்றிருந்தது.

சங்கையா கதவுக்குத் தாழ் போட்டார். “நாளைக்கு வடக்கே ரங்கத்துக்கு போட் இருக்கு. போயிருவோம்.”

“அப்புறம் அங்க இருந்து? இனிமே ஓட எங்க இருக்கு? அந்தப் பக்கமும் சமுத்திரம்தான்.”

போலீசில் சொல்லலாமே என்றேன். “என்ன பேரு எழுதச் சொல்லுதீங்க?” என்றார் சங்கையா. “பதினோரு வருஷமா மில்லுல ராமையா. சங்கையான்னு எழுதுனா வேலையே போயிரும்.”

அப்போது பக்கத்து வங்காளி வீட்டிலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து கதவை இடித்து, இந்தியில் ஏதோ கத்தினாள். வடிவு தாழை நீக்கி அவளை உள்ளே இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “சோடோ அம்மா, சோடோ!” என்று விடச் சொல்லி அது திமிறியது. அம்மாவின் பயம் அதற்குப் புரியவில்லை.

தட்டைக் கொடுத்தேன். உடைத்துப் போடுங்கள் என்றாள் வடிவு. சங்கையா அதைப் போர்வையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்.

பகல் ஒரு மணி போட்டில் சாத்தம் திரும்பினேன். இறங்கும்போது, ஏறுவதற்கு நின்ற வரிசையில் நான்காவது ஆளாக வேலாயுதம் அண்ணாச்சி நின்றிருந்தார். கையில் தகரப் பெட்டி.

“பாத்தாச்சா தம்பி அந்த ராமையாவை?”

“இல்ல அண்ணாச்சி.” என்று சொல்லிவிட்டேன். “வீட்டைக் காலி பண்ணிட்டாங்களாம். வடக்கே டிக்லிப்பூர் போயிட்டாங்களாம்.”

“அப்படியா” என்றார். என் முகத்தைப் பார்த்தார். “சரி. வந்தது வந்தேன். அக்கரை வரைக்கும் போயிட்டு வாரேன்.” ஏறிவிட்டார்.

நான் வீரன் இல்லை. தெருச் சண்டையைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிப் போகிறவன். ஆனாலும் என் கால்கள் திரும்பி அந்தப் போட்டிலேயே ஏறின. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். அது என்ன எடை இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் எழுந்தால் காலைக் கட்டிக்கொள்வது, கத்துவது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த திட்டம். மழை தார்ப்பாயில் அடித்தது.

பாம்பூஃப்ளாட் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் அசையவில்லை. ஜெட்டியின் படிக்கட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இக்கரைக்கு ஆட்கள் ஏறினார்கள். போட் திரும்பியது. அவரும் திரும்பினார், நானும் திரும்பினேன். சாத்தமில் இறங்கி, என்னைத் திரும்பிப் பாராமல் மழைக்குள் நடந்துபோனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே பயம் கூடியது.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டினேன். கொடை நன்றாக நடந்தது. எந்தப் பாட்டு ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு இரண்டு மைல் நடந்து சாத்தம் ஜெட்டிக்குப் போய்விடுவேன். மரத்தூள் படிந்த சட்டையோடு சங்கையா போட் ஏறுவார். தூரத்திலிருந்து ஒரு பார்வை. அவ்வளவுதான். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார் என்று மூச்சுவிட்டுத் திரும்புவேன்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த போட்டுக்கும் வரவில்லை. அக்கரைக்குப் போக இனி படகில்லை என்று சொல்லி ஜெட்டியை மூடினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊர் திரும்பும் கப்பல். போகாமல் நின்றால் அடுத்த கப்பலுக்கு எத்தனை வாரமோ. வியாபாரி என் பெட்டியைத் தூக்கி ஏற்றியே விட்டார். கட்டிலைத் தேடிக் கீழே இறங்கினேன். மூன்று கட்டில் தள்ளி வேலாயுதம் அண்ணாச்சி துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

அவர் வேட்டியைப் பார்த்தேன். கைகளைப் பார்த்தேன். நகக்கண்களைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் மேல்தட்டிலேயே கிடந்தேன். கடல் இந்தத் தடவை எண்ணெய்போல அசையாமல் இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டிக்லிப்பூர்னு நீங்க சொல்லும்போதே தெரியும் தம்பி, எச்சரிக்கை பண்ணிட்டு வந்திருக்கீயன்னு. நான் உங்களுக்கு முந்தியே போயிட்டேன். சனிக்கிழமை, கப்பலை விட்டு இறங்குன கையோட போட் ஏறுனேன். பெட்டிக்குள்ள அருவா இருந்துச்சு.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்ல மழை. தார்ப்பாய்க்குக் கீழ அத்தனை பேரும் நெருக்கியடிச்சு நிக்கோம். தலையில துண்டு போட்டிருந்தேன். அக்கரை வந்ததும் பின்னாடி இருந்து யாரோ தோளைத் தொட்டா. ‘பைய்யா, தோடா ஹட்டியே’ன்னு சொன்னா. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு என்னை இடிச்சுட்டு இறங்கிப் போறா. என் மூஞ்சியைப் பாக்கல. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். கூடப்பொறந்தவனை, பதினஞ்சு வயசு மூத்தவனை, சின்னப்பயல மாதிரி பையாங்கிறாளே! பக்கத்துல நின்ன ஆளு தமிழ் தெரிஞ்சவன். அவன்கிட்ட என்னய்யா இதுன்னு கேட்டேன். ‘இந்தியில அண்ணேன்னு அர்த்தம், கொஞ்சம் வழிவிடுங்க அண்ணேன்னு சொல்லிட்டுப் போகுது’ன்னான்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இறங்க முடியல தம்பி. அதே போட்ல திரும்பிட்டேன். மறுநாளும் வந்தேன். இன்னொரு தடவை வருவாளான்னு தினமும் ஏறி உக்காந்தேன். அவ வரல. நீங்க சொல்லிட்டீங்கல்ல, எப்படி வருவா? அருவாவைப் புதன்கிழமை தண்ணியில போட்டேன்.”

நான் அதைப் பாதிதான் நம்பினேன். சனிக்கிழமை சங்கையா ஏன் வரவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சென்னை வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது கேட்டார், “பிள்ள குட்டி இருக்கா அவளுக்கு?”

தாயின் பிடியிலிருந்து திமிறிய அந்தச் சிறுமி என் கண்முன் வந்தாள். “தெரியாது அண்ணாச்சி” என்றேன். தலையாட்டினார். தன் ஊரைச் சொல்லி, அந்தப் பக்கம் வந்தால் வரச்சொல்லிவிட்டுப் போனார்.

துறைமுகத் தபாலாபீசில் நின்றபடியே பாம்பூஃப்ளாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன், பிள்ளை இருப்பது தெரியாது என்று நான் சொன்ன பொய் உட்பட. பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கடை வாசலுக்கு ஓடுவேன்.

சங்கையாவின் எழுத்து. சனிக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தாராம். பிறகு ஒருநாள், பஜாரில் வியாபாரியின் கடையில் தட்டைப் போடச் சொல்லி மகளைக் கேட்கவைத்தார்களாம். ‘யார் பாடுகிறார்கள் என்று கேட்டாள். சொன்னோம்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் மூன்று வரி: ‘வீடு மாறிவிட்டோம். புது வீடு எங்கே என்று அண்ணனிடம் சொல்ல வேண்டாம். மகள் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள் என்று மட்டும் சொல்லவும்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். முப்பத்தெட்டு மைல், ஒரு ரூபாய் இருபது பைசா. எழுநூற்று நாற்பது மைல் கடலில் பட்ட பயத்தைவிட அந்தக் கரிசல் சாலையில் பட்ட பயம் அதிகம். மனம் மாறியிருந்தால்? வெட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மனிதரின் வாசலுக்கு அல்லவா போகிறேன்? கடலில் ஆபத்து அலையாக வருவது கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, “வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?” என்கிறார்கள்.

அண்ணாச்சி களத்தில் பருத்தி காயவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“பொம்பளைப் பிள்ளை அண்ணாச்சி. ஐந்தாம் வகுப்பு.”

பருத்தியை அளைந்துகொண்டிருந்த கை நின்றது. ஆட்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

“பாடுவாளா?” என்றார், உதடு அசையாமல்.

“தெரியாது அண்ணாச்சி” என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

“கேட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, சத்தமாக ஆட்களை விரட்டிக்கொண்டே களத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார்.